ஏரியும் அருவியும் சரி, ஒயின் தோட்டத்தில் நமக்கென்ன வேலை? ஃபிங்கர் லேக்ஸ் பயணம் குறித்து ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

அன்பர்களுக்கு வணக்கம். வரும் ஜூலை மாதம் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம். நயாகராவுக்குப் போகும் வழியில், நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள ஃபிங்கர் லேக்ஸ் என்னும் ஏரி வட்டாரத்தில் தங்கிவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளை ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறார். படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒயின் தோட்டங்களின் பெயர்கள். குடியால் குலைந்த வீடுகளிலிருந்து பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். மதுவை வேடிக்கைப் பொருளாக்கிய ஒரு வட்டாரத்துக்கு விருந்தாளியாகப் போக மனம் ஒப்பவில்லை. அருவி பார்க்க நயாகரா போதும். வரலாற்றுச் சின்னங்களும் உண்டு என்கிறார் மாப்பிள்ளை. 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குப் பேருந்தேறிப் போய் மாலைக்குள் வீடு திரும்பிவிடும் தொலைவில் வாழ்கிற நமக்கு, 1848இல் ஒரு கூட்டம் நடந்த செங்கல் கட்டடத்தில் காண என்ன இருக்கிறது? திட்டத்தை மறுத்துவிடலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையோர் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அரிசிலாறு (கும்பகோணம்):

ஐயா, மறுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். மகனோடு அந்தப் பக்கம் போய் வந்தவள் நான். ஒரு சொட்டு ஒயினும் தொடாமல்தான் வந்தேன். அங்குள்ள அருவிகள் பெரும்பாலும் மாநில அரசின் பூங்காக்களுக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க எந்தத் தோட்டத்தின் வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் ஏரி என்றதும் வீராணத்தைப் போல மனிதர் கரை கட்டி நீர் தேக்கியதையே மனத்தில் கொள்வார்கள். அங்கே இருக்கும் 11 ஏரிகளும் பனியாறுகள் நிலத்தைக் குடைந்து விட்டுச் சென்ற பள்ளங்கள். வடக்குத் தெற்காக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாகக் கிடக்கின்றன. அவற்றுள் செனிகா ஏரி ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளம் உடையது. தஞ்சாவூரில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை கும்பகோணத்தைத் தாண்டிப் போகும். ஆழம் 188 மீட்டர். அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது.

அருவிக்கு நயாகரா போதும் என்பதை நான் ஏற்கவில்லை. நயாகராவைக் கம்பிவேலிக்கு இப்பால் நின்றும் படகில் ஏறியும் பார்க்கலாம். ஆனால் அருவிகளுக்கு ஊடே நடந்து போக வேண்டுமென்றால் செனிகா ஏரியின் தென்முனையிலுள்ள வாட்கின்ஸ் கிளென்னுக்குத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவுக்குள் 19 அருவிகள் அடுத்தடுத்து விழும் மலையிடுக்கு அது. இன்று நாம் நடக்கும் கற்பாதை, 1935ஆம் ஆண்டு வெள்ளம் பழைய பாதைகளை அடித்துச் சென்ற பிறகு கட்டப்பட்டது. கேயுகா ஏரியின் மேற்குக் கரையில் டாகனாக் அருவி இருக்கிறது. அது 66 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழுகிறது, நயாகராவைவிட உயரம் அதிகம்.

வீரசோழன் (மயிலாடுதுறை, தற்போது ராச்செஸ்டர்):

அரிசிலாறு அம்மா அவர்கள் சொன்னவை உண்மைதான். ஆனால் விட்டுவிட்ட செய்திகளும் உள்ளன. பயணம் செய்யப் போகிறவர் வயதில் மூத்தவர் என்பதால் அவற்றைச் சொல்ல வேண்டியது என் கடமை.

வாட்கின்ஸ் கிளென் பாதையில் 832 படிகள் இருக்கின்றன. அருவிச் சாரலால் அந்தக் கற்கள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். டாகனாக் உயரமானதுதான், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழை குறைந்தால் அந்த உயரத்திலிருந்து ஒரு மெல்லிய நூலிழைதான் இறங்கும். ஏப்ரலில் பனி உருகும்போது எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் வந்து நிற்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். நீரின் பெருக்கை வைத்துப் பார்த்தால் நயாகராவோடு ஒப்பிடுவதற்கே இடமில்லை.

இன்னொன்று, தொலைவு. நியூ ஜெர்சியிலிருந்து வாட்கின்ஸ் கிளென்னுக்கே காரில் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். ஏரிகள் நீளவாக்கில் கிடப்பதாலும் செனிகா, கேயுகா ஆகியவற்றின் நடுவே பாலம் இல்லாததாலும், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் போகக்கூட ஏரியின் ஏதாவதொரு முனையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பாலங்கள் குறைவாக இருந்த காலத்தில் கொள்ளிடத்தின் அக்கரைக்குப் பெண் கொடுத்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதை நம்பி மாப்பிள்ளை திட்டம் போட்டிருந்தால், பாதி நாள் காரிலேயே கழியும்.

கொள்ளிடக்கரை (அணைக்கரை):

நான் நெல் விவசாயி. அமெரிக்கா போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. என் தம்பி மகன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவன். அந்தப் பல்கலைக்கழகம் இத்தாக்காவில், கேயுகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. அவன் வாயிலாகவும் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை வைத்துச் சொல்கிறேன்: ஆசிரியர் ஐயா அந்தத் தோட்டங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கும் அந்த நாட்டில் திராட்சை எப்படிப் பிழைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆழமான ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலம் முழுவதும் மெல்ல விட்டுக்கொண்டே இருப்பதால், கரையோரச் சரிவுகளில் கடுங்குளிர் சற்றே தணிகிறது. வசந்தத்திலோ அதே நீர் குளிர்ந்து கிடந்து கொடி சீக்கிரம் துளிர்த்துவிடாமல் பிடித்து வைக்கிறது. துளிர் தாமதமானால் கடைசி உறைபனிக்குத் தப்பிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து கீழே போய்விடும். அதனால்தான் தோட்டங்கள் சரிவிலேயே இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் 2023 மே மாதத்தில் வந்த ஓர் உறைபனி இரவு பல தோட்டங்களின் துளிர்களைக் கருக்கிவிட்டது. அறுவடை நேரத்து மழையில் நெல் முளைத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஐரோப்பிய உயர்வகைத் திராட்சை அந்தக் குளிரில் பிழைக்காது என்பதே நெடுநாள் நம்பிக்கையாக இருந்தது. உக்ரைனிலிருந்து 1951இல் அமெரிக்கா வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க் என்பவர், குளிர் தாங்கும் வேர்த்தண்டில் ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று வாதாடி, 1962இல் கியூகா என்னும் வேறோர் ஏரியின் கரையில் சொந்தமாக ஒயின் ஆலை தொடங்கி அதை மெய்ப்பித்தார். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை வகைக்கு இன்று அந்த வட்டாரம் பெயர் பெற்றிருப்பதற்கு அவரே முதற்காரணம். பெரிய ஆலைகள் கேட்ட விலைக்குப் பழத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த சிறு விவசாயிகள், 1976ஆம் ஆண்டு மாநிலம் கொண்டுவந்த பண்ணை ஒயின் சட்டத்தால், தங்கள் தோட்டத்திலேயே தயாரித்து வருகிறவர்களுக்கு நேரடியாக விற்கும் உரிமையைப் பெற்றார்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிடுமோ என்று கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் காய வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கிற நமக்கு, தன் விளைச்சலுக்குத் தானே விலை வைக்கும் விவசாயியைப் பார்ப்பதே ஒரு காட்சிதான்.

வெண்ணாற்றங்கரை:

கொள்ளிடக்கரையார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஏரி வெப்பத்தைச் சேமிக்கும் விதத்தை வகுப்பில் பாடமாகவே நடத்தலாம். ஆனாலும் அவர் வியக்கும் அந்த உரிமை என்ன உரிமை? தோட்டத்துக்குத் தோட்டம் மது விற்கும் உரிமை. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதால் அந்தப் பொருள் நல்லதாகிவிடாது. கள்ளுக்கும் இதே வாதத்தைச் சொல்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களுக்கும் நான் இதையே சொல்லி வருகிறேன். சுவைத்துப் பார்க்கும் கூடங்களில் கூட்டம் கூட்டமாக நின்று கிண்ணம் ஏந்துகிறவர்களின் நடுவே என் மனைவியைக் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன்.

கொள்ளிடக்கரை:

கள்ளை இழுக்காதீர்கள் ஐயா, அது தனி விவாதம். அந்த வட்டாரத்துத் திராட்சை முழுவதும் ஒயினாகிவிடுவதில்லை. நேப்பிள்ஸ் என்னும் சிற்றூரில் கருந்திராட்சையை வைத்துச் சுடும் இனிப்புப் பணியாரம் பெயர் பெற்றது. அதைத் தின்பதில் உங்கள் கொள்கைக்குப் பழுது வராது.

அரிசிலாறு:

ஐயா, உங்கள் கொள்கையை மாற்றச் சொல்லவில்லை. அந்தக் கொள்கை உடையவர் என்பதாலேயே நீங்கள் அவசியம் போக வேண்டிய ஓர் இடம் அங்கே இருக்கிறது, அது நீங்கள் குறைவாக மதிப்பிட்ட அதே செங்கல் கட்டடம்தான்.

செனிகா ஃபால்ஸ் என்னும் ஊரில், வெஸ்லியன் தேவாலயத்தில், 1848 ஜூலை 19, 20 ஆகிய நாட்களில் நடந்தது அமெரிக்காவின் முதல் பெண்ணுரிமை மாநாடு. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் முன்னின்று எழுதிய பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். வாக்குரிமை கேட்கும் தீர்மானம் அளவுக்கு மீறியது என்று கூட்டத்திலேயே பலர் தயங்கியபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசினார்.

இதில் உங்களுக்குரிய செய்தி என்னவென்றால், இந்தப் பெண்களில் பலர் மதுவிலக்கு இயக்கத்தினர். மறு ஆண்டே அதே ஊரில் அமீலியா புளூமர் தொடங்கிய இதழ் மதுவிலக்குக்காகவே பிறந்தது. ஸ்டாண்டனும் சூசன் பி. அந்தோணியும் 1852இல் மாநில அளவில் பெண்களின் மதுவிலக்குச் சங்கம் அமைத்தார்கள். குடிகாரக் கணவனை விட்டு விலகும் உரிமை மனைவிக்கு வேண்டும் என்று ஸ்டாண்டன் அப்போதே மேடையில் பேசினார். குடிக்கிறவனின் கூலியின் மீதும் பிள்ளைகளின் மீதும் மனைவிக்குச் சட்டப்படி உரிமை இல்லாத காலம் அது. பசியோடு வந்த உங்கள் மாணவர்களின் தாய்மார்களைப் பற்றித்தான் அவர்கள் பேசினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டடம் பழையதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேவாலயம் பிற்காலத்தில் நாடக அரங்காகவும், கார் விற்பனைக் கூடமாகவும், துணி வெளுக்கும் கடையாகவும் இருந்தது. 1980இல்தான் அந்த இடத்தைப் பாதுகாக்கும் தேசிய வரலாற்றுப் பூங்கா நிறுவப்பட்டது, பழைய சுவர்களில் சிலவே எஞ்சின. கல்லின் வயதை வைத்துப் பார்த்தால் தாராசுரத்தின் ஒரு தூணுக்கு அது ஈடாகாது. ஆனால் அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1920இல். சென்னை மாகாணத்தில் 1921இல். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ப் பேசியது நம் மயிலாடுதுறைப் பக்கத்து மண்ணில்தான். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 1848 அவ்வளவு தொலைவில் இல்லை.

வீரசோழன்:

இந்தக் கருத்தில் அம்மா அவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் ஏரிக்கரையின் வரலாறு 1848இல் தொடங்கவில்லை. மாப்பிள்ளையின் திட்டத்திலும் ஒயின் தோட்டங்களின் பலகைகளிலும் பெரும்பாலும் காணாமல் போவது அதற்கு முந்திய பகுதிதான். செனிகா, கேயுகா என்பவை அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர்கள். ஹௌடனோசௌனி கூட்டமைப்பைச் சேர்ந்த அவர்களிடம் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குலத்தாய்மார்களிடம் இருந்தது. 1779இல், ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி, சல்லிவன் என்னும் தளபதியின் படை இந்த ஏரிகளின் கரை வழியே போய் 40க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது. சோளக்கொல்லைகளை அழித்தது, பழத்தோட்டங்களை வெட்டிச் சாய்த்தது. கேயுகா ஏரிக்கரையில் பீச் மரத்தோட்டங்கள் இருந்ததைப் படைவீரர்களின் நாட்குறிப்புகளே சொல்கின்றன. ஆக, அந்தச் சரிவுகளில் பழம் விளையும் என்பதை ஒயின்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை.

ராச்செஸ்டருக்குத் தென்கிழக்கே விக்டர் என்னும் ஊரில் கனோண்டகன் என்ற இடம் இருக்கிறது. அங்கிருந்த செனிகா மக்களின் ஊர் 1687இல் பிரெஞ்சுப் படையால் அழிக்கப்பட்டது. இப்போது மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடு ஒன்றைப் பழைய முறைப்படி அமைத்துக் காட்டுகிறார்கள். நயாகரா போகும் வழிதான். ஒயின் கூடத்துக்கு ஒதுக்கிய நேரத்தை அங்கே கொடுக்கலாம்.

ஆபர்ன் நகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் 1859இல் அங்கே நிலம் வாங்கினார். முதியோர் இல்லம் ஒன்றை ஏற்படுத்தி, 1913இல் அங்கேயே காலமானார்.

வெண்ணாற்றங்கரை:

மதுவிலக்குச் செய்தியை எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு இப்படி எழுதப் போகிறேன்: செனிகா ஃபால்ஸ், ஆபர்ன், கனோண்டகன் மூன்றும் வேண்டும், டாகனாக், நீர் குறைவாக இருந்தாலும் பார்க்கலாம், ஒயின் கூடம் ஒன்றும் வேண்டாம். கொள்ளிடக்கரையாருக்காக ஒரு தோட்டத்தைச் சாலையிலேயே நின்று பார்த்து, சரிவையும் ஏரியையும் படம் எடுத்து அனுப்புகிறேன். மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் வாட்கின்ஸ் கிளென்னை விட்டுவிடலாம்.

கொள்ளிடக்கரை:

சாலையில் நின்று பார்த்தால் ஒட்டுக் கட்டிய இடம் தெரியாது ஐயா. உள்ளே போய்க் கொடியின் அடித்தண்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்; கிண்ணத்தை யாரும் கையில் திணிக்க மாட்டார்கள்.

அரிசிலாறு:

வாட்கின்ஸ் கிளென்னை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோடையில் மேல் வாசலுக்கு வண்டி விடுகிறார்கள்; அங்கே இறங்கிக் கீழ்நோக்கி நடந்தால் ஏறும் சிரமம் பெரும்பாலும் இல்லை.

வீரசோழன்:

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். ஈரக்கல்லில் இன்னும் கடினம். கீழ் வாசலிலிருந்தே தொடங்கட்டும். சுரங்கப் படிகளில் சிறிது தூரம் ஏறினால் முதலில் வருகிற அருவியே பாதைக்கு முன்னால் விழும்; அதன் பின்புறமாக நடந்து பார்த்துவிட்டு அம்மா அவர்கள் வந்த வழியே திரும்பிவிடலாம். மேலே போக விரும்பினால் ஆசிரியர் ஐயா மட்டும் மாப்பிள்ளையோடு போகட்டும். டாகனாக்கிலும் சாலையோரத்தில் காரை நிறுத்தும் இடத்துக்கு அருகிலேயே அருவியைப் பார்க்கும் மேடை உண்டு; அடிவாரத்துக்குப் போகும் பாதையும் ஏறக்குறைய சமதளம்தான், ஒரு வழிக்கு 1.2 கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு முன்பே போனால் கூட்டம் இருக்காது.