புதுப்பிப்பு: பல் கிளிப் கடன், 14 நாள் தாண்டிய பிறகு

பிரிட்டனில் பல் கிளிப்புக்கு வாங்கிய கடனிலிருந்து 14 நாளுக்குள் விலகுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். சிகிச்சை சரியில்லை என்று தெரியவே பல மாதம் ஆகுமே, அப்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த விலகல் இதற்கு உதவாது. அது கடனை மட்டும்தான் முறிக்கும். அசலை வட்டியோடு 30 நாளுக்குள் கட்ட வேண்டும், கிளினிக்கோடு போட்ட ஒப்பந்தம் அப்படியே நிற்கும். பிடிக்க வேண்டியது 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. சிகிச்சை விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்கு மிகாமல் இருந்தால், கிளினிக் செய்த ஒப்பந்த மீறலுக்குக் கடன் கொடுத்த நிறுவனமும் பொறுப்பு. கிளினிக்கே மூடிவிட்டாலும் சரி. ஆனால் கடன் கிளினிக் வழியாக ஏற்பாடானதாக இருக்க வேண்டும். நீங்களே தனியாக வாங்கிய பெர்சனல் லோனுக்கு இது செல்லாது. உங்கள் கடன் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று தெரிய, கடன் ஒப்பந்தத்தின் தலைப்பில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

“பல் நேராகவில்லை” என்பது மட்டும் போதாது. நியாயமான கவனமும் திறமையும் இல்லாமல் செய்தார்கள் என்று காட்ட வேண்டும். வேறொரு பல் சீரமைப்பு நிபுணரின் கடிதம்தான் இதில் கனமான ஆதாரம். சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே, ஆரம்பப் படங்களை கிளினிக்கிடம் எழுதிக் கேளுங்கள். உங்களுடையது அலைனர் (கழற்றி மாட்டும் கிளிப்) என்றால், அதைச் சொன்ன நேரம் போட்டீர்களா என்று கட்டாயம் குடைவார்கள்.

கோபத்தில் டைரக்ட் டெபிட்டை (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணையை) நிறுத்தாதீர்கள், கிரெடிட் ரெக்கார்டு கெடும். கடன் நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 8 வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டால், நிதி ஆம்பட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் அமைப்பு) இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 6 மாதம்தான் கெடு.