சிக்னலில் நின்றால் சூடு ஏறுது, ஓடினால் இறங்குது: எங்கே பார்க்கணும்?

நாலாவதுகியர்

2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், 94,000 கி.மீ. ஏசி போட்டு சிக்னலில் அஞ்சு நிமிஷம் நின்னா டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி முக்காலுக்குப் போகுது. அந்த நேரம் ஏசியிலும் வெறும் காத்துதான் வருது. அப்புறம் ரேடியேட்டர் ஃபேன் பெரிய இரைச்சலோட ஓடி முள்ளைக் கொஞ்சம் இறக்குது. நாற்பது, ஐம்பதில் போனா ஒரு தொந்தரவும் இல்லை. ரிசர்வ் டேங்க் ஓரமா கூலன்ட் வழிஞ்ச தடம் இருக்கு, வாரம் கால் லிட்டர் ஊத்துறேன். தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) கழட்டிட்டு ஓட்டச் சொல்றாங்க. செய்யலாமா?

ஸ்பேனர்12

கழட்டாதீங்க. தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டிக்கிட்டா ரோட்டில் ஓடும்போது இன்னும் சீக்கிரம் சூடேறும், ஏன்னா அப்போ இன்ஜின் தர்ற வெப்பமே அதிகம். உங்க வண்டி ஓடினா சரியாகுது. அப்படின்னா கூலன்ட் சுத்துது, ரேடியேட்டரும் வேலை செய்யுது; நிக்கும்போது காத்து மட்டும் போதலை. தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டினா இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும், பெட்ரோல் கூடுதலா குடிக்கும், செக் இன்ஜின் விளக்கும் எரியலாம். சூடு காட்டாததால நோய் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க, அவ்வளவுதான்.

நீங்களே சொன்னதில் துப்பு இருக்கு: முதலில் ஃபேன் இல்லை, ரொம்ப நேரம் கழிச்சு ஒரே அடியா வேகமா ஓடுது. உங்க வண்டியில் ஃபேன் ரெண்டு வேகமா இருந்தா, மெதுவான வேகம் செத்திருக்கு. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்து பாருங்க. பல வண்டிகளில் சில நொடிகளிலேயே ஃபேன் மெதுவா சுத்த ஆரம்பிக்கணும். சுத்தலைன்னா சொல்லுங்க. கை, துண்டு எதையும் ஃபேன் பக்கம் கொண்டு போகாதீங்க, எந்த நொடியும் ஓடும்.

நாலாவதுகியர்

பார்த்தேன் அண்ணா. ஏசி போட்டும் சுத்தலை. ஃபியூஸ் நல்லா இருக்கு. ஃபேனுக்கு மின்சாரம் விடுற சுவிட்சான ரிலேயை, பக்கத்தில் இருந்த அதே மாதிரி ஒண்ணோட மாத்திப் போட்டும் மாற்றமில்லை. மோட்டார் கனெக்டரைக் கழட்டி பேட்டரியிலிருந்து நேரா 12 வோல்ட் கொடுத்தா வேகமா ஓடுது.

ஓம்மீட்டர்

அப்போ மோட்டாரும் வேகமான ஓட்டத்துக்கான ரிலேயும் உயிரோடுதான் இருக்கு. மிச்சம் ரெசிஸ்டர். மெதுவான வேகத்துக்கு மின்சாரம் அது வழியாகத்தான் போகும். காத்து பட்டுக் குளிரணும்னு பெரும்பாலும் ஃபேன் ஷ்ரௌட்டிலேயே (ஃபேனைச் சுத்தி இருக்கும் பிளாஸ்டிக் கூடு), ரெண்டு அல்லது மூணு ஒயரோட மாட்டியிருப்பாங்க.

இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ரெசிஸ்டர் கனெக்டரைப் பிரிச்சு மல்டிமீட்டரில் அளங்க. நல்லதுன்னா ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும். மீட்டரின் ரெண்டு முனையை ஒண்ணா வெச்சா வர்ற 0.2, 0.3 ஓமை முதலில் கழிச்சுக்கோங்க. ஓப்பன்னு, அதாவது இணைப்பே இல்லைன்னு காட்டினா ரெசிஸ்டர் போச்சு. கனெக்டர் கருகியிருக்கா, பின் தளர்ந்திருக்கான்னும் பாருங்க. பல நேரம் உருகிப்போன பின்தான் குற்றவாளி, ரெசிஸ்டர் இல்லை.

புதுசு போடுறதுக்கு முன்னால் அது ஏன் எரிஞ்சதுன்னு கேட்கணும். மோட்டார் புஷ் தேஞ்சோ தூசி அடைச்சோ இறுகினா அதிக ஆம்பியர் இழுக்கும், அந்தச் சூடு ரெசிஸ்டர் தலையில் விழும். பேட்டரி கழட்டியிருக்கும்போதே ஃபேனைக் கையால் சுத்துங்க. விட்ட பிறகும் ஓரிரு சுத்து தானா ஓடணும். உடனே நின்னாலோ பிளேடு பக்கவாட்டில் ஆடினாலோ மோட்டாரையும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா புது ரெசிஸ்டரும் சீக்கிரமே போயிடும். சில பேர் ரெசிஸ்டரில் இருக்கும் தெர்மல் ஃபியூஸை (சூடு மீறினா அறுந்து காக்கும் ஃபியூஸ்) மட்டும் ஒயர் போட்டு ஒட்டித் தருவாங்க, ஒத்துக்காதீங்க. மோட்டார் சிக்கிக்கிட்ட அன்னிக்கு ஷ்ரௌட் உருகும்.

ஒரு சின்ன விஷயம்: மோட்டார் மாத்தும்போது பிளஸ், மைனஸ் மாறினா ஃபேன் தலைகீழா சுத்தும். ஓடுற சத்தம் கேட்கும், சூடும் இறங்காது. கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடிச்சா உள்ளே இழுத்து ஒட்டணும்.

ஸ்பேனர்12

ரெசிஸ்டர் ஒண்ணால் வாரம் கால் லிட்டர் குறையாது. கூலன்ட் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற ரேடியேட்டர் அல்லது டேங்க் மூடியையும் பாருங்க. பல கார்களில் மூடியில் 0.9 அல்லது 1.1 பார்னு போட்டிருக்கும். வெளிக்காத்தை விட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணியே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்த மூடியில் அந்த அழுத்தம் நிக்காம 100-ஐ ஒட்டியே கொதிச்சு வழியும். ரெண்டு கோளாறும் கைகோத்திருக்கு: ஃபேன் தாமதமாகுது, மூடி தாங்கலை. அதே பார் உள்ள புது மூடி போடுங்க. அதிக பார் போட்டா ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும்தான் விரியும்.

வண்டி நல்லா ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. ஏற்கெனவே தண்ணி கலந்த ரெடிமிக்ஸ்னா தண்ணி சேர்க்காதீங்க. போர் தண்ணி ஊத்தியிருந்தா உப்புப் படிஞ்சிருக்கும், மொத்தமா வடிச்சு டிஸ்டில்ட் வாட்டரில் அலசி நிரப்புங்க. நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வெச்சு, முன்பக்கம் உயரமா நிறுத்தி, குமிழி நிக்கிற வரை காத்தை வெளியேத்துங்க.

மழைமேகம்

ரேடியேட்டருக்கும், அதுக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளியில் சுத்தமா தெரிஞ்சாலும் அந்த இடுக்கில் பஞ்சும் பூச்சியும் அடைச்சிருக்கும். சாதாரண ஹோஸ் தண்ணியை இன்ஜின் பக்கமிருந்து முன்னால் வர்ற மாதிரி விடுங்க. பிரஷர் வாஷ் வேண்டாம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கும்.

நாலாவதுகியர்

ரெசிஸ்டர் ஓப்பன்தான். ஃபேன் கையில் தாராளமா சுத்துது. ரெசிஸ்டரும் 1.1 பார் மூடியும் மாத்தியாச்சு. ஏசியோட இருபது நிமிஷம் நிறுத்தி வெச்சேன், ஃபேன் மெதுவா ஓடுது, முள் பாதியிலேயே நிக்குது. இதுக்கு மேலும் கூலன்ட் குறைஞ்சா?

ஓம்மீட்டர்

ஒரு வாரம் காலையில் ஆறின வண்டியில் லெவலைக் குறிச்சு வைங்க. குறைஞ்சா வாட்டர் பம்ப் அடியில் காய்ஞ்ச கறை, உள்ளே கால் பக்கம் கார்ப்பெட் ஈரம் ரெண்டையும் பாருங்க. வெளியில் கசிவே இல்லாம குறைஞ்சு, ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்திலேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) சந்தேகம். நீலத் திரவம் வெச்சுப் பார்க்கும் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்க. பெட்ரோல் வண்டியில் புகைவாயு கூலன்ட்டில் கலந்திருந்தா அது மஞ்சளாகும். அதுவரை ஹெட்டைக் கழட்ட யாரையும் விடாதீங்க.