கார்ல் ஃப்ரிஸ்டனுக்கு இவ்ளோ சைட்டேஷன்: மூளைக்கா, சாஃப்ட்வேருக்கா?

நரம்புத்தளர்ச்சி:
காலைல சும்மா கூகுள் ஸ்காலர்ல (ஆராய்ச்சி பேப்பர் தேடுற சைட்) மூளை விஞ்ஞானி ஃப்ரிஸ்டன் பேஜை தொறந்தேன், மனுஷனோட எச்-இன்டெக்ஸ் 200ஐ எப்பவோ தாண்டிருச்சு. தெரியாதவங்களுக்கு, எச் 200ன்னா மத்த பேப்பர்கள்ல தலா 200 தடவையாச்சும் சைட் ஆன (மேற்கோள் காட்டப்பட்ட) பேப்பர் 200 இருக்குன்னு அர்த்தம், இங்க 20 வந்தாலே ஃப்ளெக்ஸ் அடிப்பாங்க. 2016ல செமான்டிக் ஸ்காலர்ங்கிற இன்னொரு பேப்பர் தேடுற சைட் போட்ட நியூரோசயன்ஸ் லிஸ்ட்லயும் இவர்தான் முதல் இடம். நோபல் ஏன் இன்னும் குடுக்கல?

ரெண்டாவது_ரிவ்யூவர்:
ப்ரோ, இந்த சைட்டேஷன்ல பாதி, மூளை ஸ்கேனை அலசுற எஸ்.பி.எம்ங்கிற அவரோட சாஃப்ட்வேருக்கு வந்த கூட்டம். 90கள் ஆரம்பத்துல லண்டன் ஹேமர்ஸ்மித்ல பெட் ஸ்கேனை அலச எழுதினார், ஃப்ரீயாவே குடுத்தார், அப்புறம் மூளையோட ரத்த ஓட்டத்தை காந்தத்தால பாக்குற எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் வந்ததும் எந்த லேப்புக்கு போனாலும் அதுதான். யூஸ் பண்றவன் பேப்பரோட மெத்தட்ஸ் (செய்முறை) பகுதில ஒரு வரி போட்டாகணும், படிச்சுட்டா போடுறான், பழைய பேப்பர்லேர்ந்து அப்படியே காப்பி. புரோட்டீன் அளக்க லௌரி 1951ல எழுதின பேப்பர் 3 லட்சத்துக்கு மேல சைட் ஆகி உலகத்துலயே முதல்ல நிக்குது, அது ஒண்ணும் பெரிய பேப்பர் இல்லன்னு அவரே சொல்லிட்டார். இட்லி நல்லாருந்தா கிரைண்டர் கம்பெனிக்கா மாலை போடுவீங்க?

மாவாட்டி:
கிரைண்டர் இல்லாம இட்லி சுட்டு காட்டுங்க சார். லண்டன் டாக்ஸி டிரைவருங்களுக்கு ஹிப்போகேம்பஸ் (வழி, ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) பின்பக்கம் பெருசா இருக்குன்னு 2000ல மெக்வயர்ங்கிற ஆராய்ச்சியாளர் காட்டினாங்கல்ல, 16 டிரைவர் மூளையையும் வோக்ஸல் வோக்ஸலா (குட்டி குட்டி கட்டமா) அளந்தது ஃப்ரிஸ்டன் குரூப் மெத்தட் வச்சுத்தான், ஆனா அந்த பேப்பரை எழுதினவங்க லிஸ்ட்ல ஃப்ரிஸ்டன் பேரே கிடையாது. சைட்டேஷன் இல்லாம இந்த உழைப்பை வேற எப்படி எண்ணுவீங்க?

ரெண்டாவது_ரிவ்யூவர்:
எண்ணுங்க, வேணாங்கல, நோபலுக்கு இழுக்காதீங்கன்னுதான் சொல்றேன். ஃப்ரிஸ்டன் இருக்குற அதே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல (யூ.சி.எல்) ஜான் ஓகீஃப்னு ஒரு மூளை விஞ்ஞானி இருக்கார். 1971ல டாஸ்ட்ரோவ்ஸ்கியோட சேந்து ஒரு குட்டி பேப்பர், எலி மூளைல 76 செல் பாத்ததுல 8 செல்தான் இடத்துக்கு ஏத்தமாதிரி துடிச்சுது, யாரும் பெருசா நம்பல. அதுக்குத்தான் 2014ல நோபல், 43 வருஷம் கழிச்சு! இந்த எச்-இன்டெக்ஸையே ஹிர்ஷ்னு ஒரு ஃபிஸிக்ஸ்காரர் 2005லதான் கண்டுபிடிச்சார், 71ல அது இருந்திருந்தா ஓகீஃப் இன்டர்வியூவுக்கே போயிருக்க மாட்டார்.

நரம்புத்தளர்ச்சி:
மூளை எப்பவும் தன் கணிப்புல வர்ற தப்பை குறைக்கத்தான் பாக்குதுன்னு சொல்ற ஃப்ரிஸ்டனோட ஃப்ரீ எனர்ஜி தியரிய எங்க விட்டீங்க? 2010 பேப்பர், அது சாஃப்ட்வேர் இல்லையே, ஆயிரக்கணக்குல சைட் ஆகுது.

ரெண்டாவது_ரிவ்யூவர்:
சைட் பண்ணவங்கள்ல எத்தனை பேருக்கு புரிஞ்சுதுன்னு கேளுங்க 😂 எதை காட்டினாலும் அதுக்குள்ள அடங்குதுன்னா அது தப்புன்னு எப்படி நிரூபிப்பீங்க, அதையும் சொல்லுங்க.

புள்ளிவிவர_பாண்டி:
லேட்டா வந்துட்டேன். 2016ல எக்லுண்ட் டீம் சும்மா படுத்திருந்தவங்க ஸ்கேனை வச்சு எஸ்.பி.எம், அதே மாதிரி சாஃப்ட்வேரான எஃப்.எஸ்.எல், ஏ.எஃப்.என்.ஐ மூணையும் டெஸ்ட் பண்ணாங்க, ஒண்ணுமில்லாத இடத்துல மூளை வேலை செஞ்சதா காட்டுற தப்பு 5% இருக்கவேண்டியது சில செட்டிங்ல 70% வரைக்கும் போச்சு. அப்ப அந்த மெத்தட்ஸ் வரி போட்ட பேப்பர்ல எத்தனை தேறும்?

மாவாட்டி:
பாண்டி, மீதியையும் சொல்லுங்க. 40,000 பேப்பர் காலின்னு முதல்ல எழுதினாங்க, அப்புறம் அவங்களே அந்த வரியை திருத்தினாங்க, டீம்ல ஒருத்தர் சுமார் 3,500ன்னு சொன்னார். இது நிஜ சிக்னல்னு ஏத்துக்க தளர்வான கட்-ஆஃப் வச்சவங்களுக்குத்தான் அடி, கறாரா 0.001 வச்சா எஸ்.பி.எம் பெரும்பாலும் சரியாத்தான் வருதுன்னு ஃப்ரிஸ்டன் டீமும் பதில் குடுத்துச்சு. ரெகுலேட்டரை தப்பா வச்சா கிரைண்டர் என்ன பண்ணும்?

புள்ளிவிவர_பாண்டி:
அந்த தளர்வான செட்டிங்கை வச்சு பேப்பர் போட விட்டது யாரு, ரிவ்யூவர்தானே, இங்கயே ஒருத்தர் இருக்கார். (நான் முன்ன இருந்த காலேஜ்ல அப்ரைசல் ஃபார்ம்ல எச்-இன்டெக்ஸ்க்கு தனி கட்டம், டிபார்ட்மென்ட்டே ஒருத்தரை ஒருத்தர் மாத்தி மாத்தி சைட் பண்ணோம், மொய் மாதிரி.)

ரெண்டாவது_ரிவ்யூவர்:
என்னை விடுங்க பாண்டி. அந்த 2016 பேப்பர் கடைசி பக்கத்தை பாத்தீங்களா, ஃப்ரிஸ்டனோட 1994 பேப்பரை சைட் பண்ணித்தான் திட்டிருக்காங்க. அதுவும் அவர் கணக்குல ஒண்ணு ஏறிருச்சு.

நரம்புத்தளர்ச்சி:
அடப்பாவிங்களா.