குழாயை மென்மையாக்கும் டிஇஎச்பி புற்றுநோயை உண்டாக்குமா?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை):
வெயிலில் கிடக்கும் மென்மையான பிவிசி குழாயால் கிணற்று நீரைக் குடத்தில் பிடிக்கிறோம். முதலில் வரும் நீர் சூடாக, நெடியோடு வருகிறது. குழாயிலுள்ள டிஇஎச்பி என்ற மென்மையாக்கும் வேதிப்பொருள் புற்றுநோயை உண்டாக்குமா என எவ்வாறு பரிசோதித்தார்கள்?

பதில் 1:
அமெரிக்காவில் 1982இல் வெளியான ஆய்வில், எலிகளையும் சுண்டெலிகளையும் ஒவ்வோர் அளவுக்கும் ஆணில் 50, பெண்ணில் 50 எனப் பிரித்து, 103 வாரங்கள் உணவில் கலந்து கொடுத்து, பின்னர் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஈரல் கட்டிகள் கூடியிருந்தன. எலிகளுக்கான உச்ச அளவு உணவில் கிலோவுக்கு 12 கிராம். குழாய் நீரோடு ஒப்பிட முடியாத அளவு அது.

பதில் 2:
அந்த ஈரல் மாற்றம் மனிதருக்குப் பொருந்தாதெனக் கருதி 2000இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மூன்றாம் பிரிவில், அதாவது 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என வகைப்படுத்த முடியாதவை' என்பதில் வைத்தது. 2011இல் 2பி, அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என மாற்றியது. அம்மாற்றம் சரியென்றே நான் கருதுகிறேன்.

கேட்டவர்:
நன்றி ஐயா. முதல் நீரை இனி வாழைக்கு விடுகிறோம்.