மறுமொழி: பயோமார்க்கருக்குத் தமிழில் என்ன? – 'சுட்டுப்பொருள்', 'ஐயச்சுட்டு'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்தப் புரதங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் லீ ஆண்டர்சனின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு, பயோமார்க்கர், புரோட்டியோம் போன்ற சொற்களுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். பயோமார்க்கர் என்பது உடலின் நிலையை அறிய இரத்தம் போன்றவற்றில் அளக்கப்படும் பொருள். புரோட்டியோம் என்பது ஓர் உயிரின் புரதங்கள் அனைத்தும் சேர்ந்தது. இத்தனை மடல்கள் வந்ததில் மகிழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதில் எழுதாமல் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன். புரோட்டியோம் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அது எளிது. பயோமார்க்கர்தான் சிக்கல்.

> 'உயிர்க்குறி' என்றே வைக்கலாமே. சின்னச் சொல், பார்த்ததும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நாடித்துடிப்பு, மூச்சு, உடல்வெப்பம், இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்ல மருத்துவத்துக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது, அதற்கு உயிர்க்குறிகள் என்பது இயல்பாகப் பொருந்துகிறது. அதே சொல்லை இரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்துக்கும் கொடுத்தால் வார்டில் குழப்பம் வரும். அப்புறம், 'குறி' என்று முடியும் எந்தச் சொல்லும் உடலைப் பற்றிய பேச்சில் வேறொரு பொருளை இழுத்துவரும். நம் குழுமத்து மருத்துவர் அக்கா அதை நாசூக்காகச் சொல்லியிருந்தார். வகுப்பறையில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

> நோய்காட்டி. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் அழகாக உட்காருகிறது.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகில் மிகுதியாகச் செய்யப்படும் சோதனைகளில் ஒன்று கர்ப்பச் சோதனை. அதில் பார்ப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கர்ப்பம் நோயல்லவே! மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும், உறுப்பு நலமாக இருக்கிறதா என்று பார்க்கவும்கூட இத்தகைய பொருள்கள் அளக்கப்படுகின்றன. இன்னொன்று, 'காட்டி' என்றால் தமிழில் பெரும்பாலும் கருவி. திசைகாட்டி கையில் பிடிப்பது. நாம் பெயர் தேடுவதோ அளக்கப்படும் பொருளுக்கு.

> மெய்ச்சுட்டு. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. இரண்டும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்து ஐயா தந்த இந்தச் சொல்தான் வந்தவற்றிலேயே அழகானது. 'சுட்டு' என்பதை அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'மெய்' வேண்டாம் என்பது என் கருத்து. அவர் சிறப்பென்று சொன்ன அந்த இரட்டைப் பொருள்தான் என்னைத் தடுக்கிறது. ஏன் என்று சொல்ல ஆண்டர்சன்களின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

தந்தை நார்மன் ஆண்டர்சன் டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் இருந்தவர். அணு ஆய்வுக்காக எழுந்த இடத்தில், 1960களில், உயிரியலுக்கான மையவிலக்குக் கருவிகளை வடிவமைத்தார். ஃபுளூ தடுப்பூசிக்கான வைரஸைத் தூய்மைப்படுத்த அவை பயன்பட்டன. பின்னர் அவரும் மகன் லீயும் சிகாகோ அருகே ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1975இல் பேட்ரிக் ஓ'ஃபாரெல் ஒரு முறையை வெளியிட்டிருந்தார்: புரதங்களை ஜெல்லில் முதலில் மின்சுமைப்படி பிரிப்பது, பிறகு குறுக்குவாட்டில் அளவுப்படி பிரிப்பது. 1977இல் ஆண்டர்சன்கள் மனித பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, இந்த முறையில் ஓடவிட்டார்கள். பட்டை பட்டையாகத் தெரிந்த இரத்தப் புரதங்கள் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக விரிந்தன.

அதைப் பார்த்த இருவருக்கும் பெரிய ஆசை வந்தது. மனித உடலின் எல்லாப் புரதங்களையும் பட்டியலிட வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் ஒரு தேசியத் திட்டத்தை முன்வைத்தார்கள். மனித மரபணுத்தொகைத் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய பேச்சு இது. நிதி வரவில்லை, மரபணுக்கள் முந்திக்கொண்டன. தந்தையும் மகனும் அரசு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து நிறுவனம் அமைத்து, அதே வேலையைத் தொடர்ந்தார்கள். புரதங்களை மொத்தமாகப் பார்க்கும் துறைக்கு உலகம் பெயர் வைப்பதற்கு முன்பே இவர்கள் அதில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருந்தார்கள். என் கட்டுரையில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க நினைக்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 2002இல் இருவரும் மனித பிளாஸ்மாவின் புரதங்களைப் பற்றி ஒரு நீண்ட மீளாய்வு எழுதினார்கள். இந்தத் துறைக்குள் வருகிற எவரும் இன்றும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரத்தத்தில் என்ன இருக்கிறது, அதை அளப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதை அது கணக்குப் போட்டுக் காட்டியது. இரத்தத்தில் மிகுதியாக உள்ள புரதமான அல்புமின் ஒரு மில்லிலிட்டரில் 35 முதல் 50 மில்லிகிராம். அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லியூக்கின்-6 என்ற புரதம் அதே மில்லிலிட்டரில் ஒரு சில பிக்கோகிராம். இடையே உள்ள விகிதம் ஏறத்தாழ ஆயிரம் கோடிக்கு ஒன்று. உலக மக்கள் அனைவரையும் ஒரே இடத்தில் நிறுத்தி, அதில் ஒருவரைத் தேடுவதைவிடக் கடினம், ஏனென்றால் உலகில் இருப்பவர்களே 800 கோடிச் சொச்சம்தான். பிளாஸ்மாப் புரதத்தின் எடையில் 99 விழுக்காட்டை இருபத்திரண்டே புரதங்கள் எடுத்துக்கொள்கின்றன. நோயைப் பற்றிச் சேதி சொல்லக்கூடிய பல புரதங்கள் மீதமுள்ள ஒரு விழுக்காட்டுக்குள் கிடக்கின்றன.

இரண்டு ஆண்டு கழித்து லீ ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே வெளியான மூன்று ஆய்வகப் பட்டியல்களையும், இலக்கியத்திலிருந்து திரட்டிய ஒரு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மொத்தம் 1175 புரதங்கள். நான்கு பட்டியலிலும் இருந்தவை 46 மட்டுமே. இந்த எண்ணைச் சொல்லாமல் பயோமார்க்கர் பற்றி யாரும் தமிழில் எழுதக் கூடாது என்றே சொல்வேன். ஓர் ஆய்வகம் 'கண்டேன்' என்பதும் இன்னோர் ஆய்வகம் அதையே காண்பதும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன!

2010இல் லீ ஆண்டர்சன் மறுமுனையிலிருந்து கணக்கெடுத்தார். இரத்தத்தில் அளக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த சோதனைகள் எத்தனை புரதங்களுக்கு இருக்கின்றன? 109. ஆய்வகங்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட சோதனைகள் இன்னும் 96 புரதங்களுக்கு. கூட்டினால் 205. புதிதாகச் சேருபவை ஆண்டுக்கு ஒன்றரை என்ற வேகம். ஆய்விதழ்களிலோ 'புதிய பயோமார்க்கர் கண்டுபிடிப்பு' என்று ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன.

இந்த இடைவெளியில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002இல் லான்செட் இதழில் கருப்பைமுட்டைப் புற்றைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தில், புரதங்கள் அமைந்திருக்கும் கோலத்தை மட்டும் பார்த்து, 50 நோயாளிகளில் 50 பேரையும் பிடித்ததாகவும், நோயில்லாத 66 பேரில் 63 பேரைச் சரியாக விலக்கியதாகவும் அது சொன்னது. செய்தித்தாள்கள் கொண்டாடின. கீத் பேகர்லியும் உடனிருந்த புள்ளியியலாளர்களும் தரவை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். பார்த்த வேறுபாடு நோயிலிருந்து வராமல், மாதிரிகள் கருவியில் ஓடிய விதத்திலிருந்தே வந்திருக்கக்கூடும் என்று காட்டினார்கள். சோதனை சந்தைக்கு வரவில்லை. அந்த எண்கள் முழுவதும் சரி என்றே வைத்துக்கொண்டாலும் கதை முடியாது. 2500 பெண்களில் ஒருவருக்குத்தான் இந்தப் புற்று இருக்கிறது என்று கொள்வோம். 95 விழுக்காடு சரியாக விலக்கும் சோதனை, அந்த ஒருவரோடு சேர்த்து நோயில்லாத 125 பேரை அழைத்து, 'உங்களுக்கு இருக்கலாம்' என்று சொல்லும். அந்த 125 பேரில் சிலர் அறுவை மேசை வரைக்கும் போவார்கள்.

ஆகவேதான் ஐயா, 'மெய்' என்று முன்னொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரிலேயே உண்மை என்று எழுதிவிட்டால், இன்னும் எதுவும் நிரூபிக்காத ஒரு புரதத்துக்கு நாமே சான்றிதழ் கொடுத்தது போலாகும். மக்கள் மருத்துவச் செய்தியைப் படித்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மொழி அங்கே பொறுப்போடு இருக்க வேண்டும்.

என் முன்மொழிவு இது. பொதுச் சொல்லாக சுட்டுப்பொருள். இலக்கணத்தில் சுட்டு என்பது கைநீட்டுவது, அவ்வளவுதான். 'அது' என்று சொன்னால் எது என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். சுட்டுப்பொருளும் அப்படியே: கை நீட்டும், தீர்ப்புச் சொல்லாது. புரதமாக இருந்தால் சுட்டுப்புரதம். பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு சுட்டுத்தொகை. 'சுட்டி' வேண்டாம், அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

> 'கேண்டிடேட் பயோமார்க்கர்' என்பதற்கு 'வேட்பாளர் குறிப்பான்' என்று ஒரு பாடநூலில் பார்த்தேன்.

வேட்பாளர் தேர்தலில் நிற்கட்டும். இதற்கு ஐயச்சுட்டு என்று சொல்லலாம். ஓரிடத்தில் ஒருமுறை கண்டது, மற்றவர்கள் இன்னும் சரிபார்க்காதது. பல ஆய்வகங்களில், பல மக்களிடம் சரிபார்த்துத் தேறியது தேர்ந்த சுட்டு. மாரடைப்புக்கு டிரோப்போனின் என்ற இதயத்தசைப் புரதம் தேர்ந்த சுட்டு. ஆய்விதழில் நேற்று வந்தது ஐயச்சுட்டு. 'புற்றுநோய்க்குப் புதிய ஐயச்சுட்டு' என்று ஒரு தலைப்பு வந்தால், படிக்கிறவருக்குத் தலைப்பிலேயே நிலைமை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த முன்னடையைச் செய்தியாளர்கள் எளிதாகக் கழற்றிவிடுகிறார்கள். தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிவிட்டால் கழற்றுவது கடினம்.

> ஐயச்சுட்டு தேர்ந்த சுட்டாக மாறுவது எப்படி? கட்டுரையில் அது வருமா?

வரும். லீ ஆண்டர்சனின் பிற்கால உழைப்பு முழுவதும் அங்கேதான். 2004இல் அவர் குழு வெளியிட்ட சிஸ்காபா என்ற முறையில், இரத்தப் புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். தேடும் துண்டைப் போலவே இருந்து, கனமான அணுக்களால் (ஐசோடோப்புகளால்) எடை மட்டும் கூடிய ஒரு படியை, அளவு தெரிந்து, அதில் சேர்க்கிறார்கள். ஓர் எதிர்ப்பொருள் இரண்டையும் சேர்த்தே பிடித்துவருகிறது. மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைநிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) இரண்டையும் எடையால் பிரித்து விகிதம் சொல்கிறது. வழியில் எவ்வளவு இழந்தாலும் இரண்டும் சமமாக இழக்கப்படுவதால் விகிதம் மாறாது. தைராய்டுப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதத்தை அளப்பதில் இது பெரிய உதவி. சிலரின் உடலே அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் செய்துகொண்டு வழக்கமான சோதனையை ஏமாற்றும். டிரிப்சின் அந்த எதிர்ப்பொருளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது.

இனி மீதமுள்ளவை. புரோட்டியோம் என்ற சொல்லை 1994இல் இத்தாலியின் சியெனாவில் நடந்த கூட்டத்தில் மார்க் வில்கின்ஸ் முன்வைத்தார். அப்போது அவர் ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவர். அதற்கு புரதத்தொகை, துறைக்கு புரதத்தொகையியல். 'புரதவியல்' என்று சுருக்கினால், ஒவ்வொரு புரதமாக ஆராயும் பழைய துறையோடு கலந்துவிடும். பிளாஸ்மா, சீரம் இரண்டையும் அப்படியே எழுதப்போகிறேன். இலங்கைப் பாடநூல்களின் திரவவிழையமும் நீர்ப்பாயமும் நல்ல சொற்கள்தான், ஆனால் இங்கே சோதனைச் சீட்டு வாங்கிவரும் எவருக்கும் சீரம் தெரியும். உறையவிட்டு எடுத்தது சீரம், உறையாமல் தடுத்து எடுத்தது பிளாஸ்மா என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

'தேர்ந்த சுட்டு' இரண்டு சொல்லாக நிற்பது எனக்கே முழு நிறைவில்லை. 'தேர்சுட்டு' என்றால் வினைத்தொகையாகிக் காலம் போய்விடுகிறது. ஏற்கெனவே தேறியது என்பது தெரிய வேண்டும். இதற்கு மட்டும் யாராவது நல்ல வடிவம் தந்தால் வரும் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள். கட்டுரையின் முதல் பகுதியை அடுத்த வாரம் இதே இழையில் அனுப்புகிறேன்.

அன்புடன்.