தக்கூபா வாளா, கஸ்காரா வாளா: பிடியையும் உறையையும் பார்த்துத் திருத்திக்கொண்ட முடிவு

ஏழு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தையில், இருபுறமும் கூருள்ள நேரான வாள் ஒன்றை வாங்கினேன். அது சூடானின் கஸ்காரா என்றும், 1898இல் நடந்த ஓம்துர்மான் போருக்குப் பின் படைவீரர் ஒருவர் கொண்டுவந்தது என்றும் விற்றவர் சொன்னார். அலகின் நடுவே மூன்று பள்ளக்கோடுகளும், அவற்றின் இருபுறமும் முகம் பொறித்த பிறைகளும் இருந்தன. பிறை இஸ்லாமிய அடையாளம் என்று எண்ணி, நானும் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். அது என் பெரும்பிழை. பிறை ஐரோப்பியக் கொல்லர்கள் இட்ட குறி. ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்களில் செய்த அலகுகள் வணிகப் பொருளாகச் சகாராவைக் கடந்து சென்றன, அங்குள்ள கொல்லர்களும் அதே குறியைத் தம் அலகுகளில் பொறித்தார்கள். ஆகவே பிறையை வைத்து ஊரையும் சொல்ல முடியாது. அலகு ஐரோப்பாவில் செய்தது என்றும் உறுதிகூற முடியாது.

பிடியை வேறு வாள்களோடு ஒப்பிட்ட பிறகே உண்மை புரிந்தது. கஸ்காராவின் குறுக்குச்சட்டம் சிலுவை வடிவ இரும்பு; அதன் கைகள் முனையை நோக்கி அகலும், நடுவிலிருந்து ஒரு நாக்கு அலகின் மேல் இறங்கும். என் வாளிலோ அது தோல் போர்த்திய தட்டையான பெட்டிபோல இருந்தது. பிடியின் தலையில் பித்தளையும் செம்பும் அடுக்கப்பட்டிருந்தன. கஸ்காராவின் உறை நுனிக்கருகே இலைபோல விரியும்; இந்த உறையில் அந்த விரிவே இல்லை. மாலி, நைஜர், வடநைஜீரியா பகுதிகளில் துவாரெக், ஹவுசா மக்களிடையே வழங்கும் தக்கூபா இது.

*

விற்றவர் சொன்ன பெயரை நம்பி, பின்பு பிடியையும் உறையையும் பார்த்துத் திருத்திக்கொண்ட தங்கள் அனுபவத்தோடு என்னுடையதும் ஒத்துப்போகிறது, ஐயா. நான் பார்த்தது, அரேபிய வாள் என்று ஒருவர் விற்க வைத்திருந்த, கைக்காப்பே இல்லாத வளைந்த வாள். அலகின் முதுகில் பிரெஞ்சு ஆயுதச்சாலையின் எழுத்துகள் தெரிந்ததால், அது குதிரைப்படை வாளிலிருந்து எடுத்த அலகு என்று தெளிவானது. ஆனால் உறையில் நுணுக்கமான தோல்வேலையும், நுனியில் அகன்ற இலைவடிவமும் இருந்தன; அவை மாலி, கினி பகுதிகளின் மாண்டிங்கா கைவினைஞர்களுக்கே உரியவை. இத்தகைய வாளின் உறை கிழிந்திருந்தாலும், தயவுசெய்து புதுத்தோல் போட்டு மாற்றிவிடாதீர்கள்.