புதுப்பிப்பு: மணலி காற்றுத் தர டேட்டா கிடைத்துவிட்டது

சுற்றுச்சூழல் பாட புராஜெக்டுக்கு வடசென்னை மணலி பக்கத்துக் காற்றுத் தர அளவுகள் எங்கே கிடைக்கும், ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட வேண்டுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஆர்.டி.ஐ. தேவைப்படவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம் என்று ஒரு அக்கா சொன்ன வழிதான் கைகொடுத்தது. காற்றை அளக்கும் ஸ்டேஷன், தேதி, எந்த மாசு என்று தேர்ந்தெடுத்தால் எக்செல்லாக இறங்குகிறது, பணமும் கிடையாது.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று: பட்டியலில் 'மணலி', 'மணலி வில்லேஜ்' என்று இரண்டு ஸ்டேஷன்கள் இருக்கின்றன. முதலாவது மத்திய வாரியத்துடையது, மற்றது தமிழ்நாடு வாரியத்துடையது, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். கொடுங்கையூர், ராயபுரத்துக்குத் தனி ஸ்டேஷன் உண்டு. அப்புறம், நடுநடுவே பல மணி நேரத்துக்கு அளவே இல்லாமல் காலியாக இருக்கும். அதைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரி போட்டால் காற்று சுத்தமாக இருப்பதுபோல் பொய்யாகக் காட்டும், இங்கே மூச்சு விடுகிறவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

ஒப்பிட: பிஎம் 2.5-க்கு (நுரையீரல் வரை போகும் மிக நுண்ணிய தூசு) இந்திய வரம்பு (2009) ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது வெறும் 5. இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போடச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி, சார் அதைப் பார்த்துத்தான் நிறைய கேள்வி கேட்டார். பகலில் கடல்காற்று, இரவில் நிலக்காற்று என்று திசை மாறுவதால் நாள் சராசரியோடு நிறுத்தாமல் மணிவாரியாகவும் பாருங்கள்.